ஃபோர்மேன் சாரின் ஒருநாள் டூர்

நெய்வேலி மெயின் பஜாரில் காலை காபிக்கு ஒதுங்கினால் இப்படி ஒருவர் கட்டாயம் அகப்படுவார். சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு போயாயிற்று. ஆனாலும் காபிக்கு இங்கேதான் வருவார். அவர் ஓய்வு பெற்ற விஷயம் கம்பெனிக்குத் தெரியும், பென்ஷன் போடுகிற பேங்குக்குத் தெரியும். அவருக்குத்தான் இன்னும் தெரியாது.

நண்பர் ஒருவர் செல்போனை நீட்டினார். இத்தாலியில் வேலை பார்க்கும் மகன் சிநேகிதர்களோடு ஃப்ளோரன்ஸில் ரயிலேறி, ஒரு மணி நேரத்தில் பைசாவில் இறங்கி, சாய்ந்த கோபுரத்தை உள்ளங்கையால் தாங்குவது போலப் படம் அனுப்பியிருந்தான். ஃபோர்மேன் சார் படத்தைப் பெரிதாக்கினார். கோபுரத்தை விட்டுவிட்டு அதன் அடிவாரத்தைத்தான் உற்றுப் பார்த்தார்.

“ஃபவுண்டேஷன் கோளாறுய்யா. 1173-ல ஆரம்பிச்சிருக்கான். மூணு மாடி ஏத்துறதுக்குள்ள சாஞ்சு போச்சு. அடியில களிமண்ணு. நம்ம ராஜராஜன் 1010-லயே தஞ்சாவூர்ல முடிச்சுக் கலசம் வச்சுட்டான். இதுக்குப் போயி பாஸ்போர்ட்டு, விசா! ஞாயித்துக்கிழமை எல்லாரும் ரெடியா இருங்க. சிதம்பரம், தாராசுரம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு.”

அவ்வளவுதான், டூர் அறிவிக்கப்பட்டுவிட்டது. வர முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அவரிடம் லீவு கேட்டுப் பழகிய வாய்கள்.

நெய்வேலி ரயிலடி டவுன்ஷிப்பை விட்டுத் தள்ளி இருக்கிறது. அங்கே ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக மஸ்டர். பெயர் கூப்பிட்டு டிக் அடிப்பார். பிறகு ஐந்து நிமிடம் பாதுகாப்பு உரை: படியில் நிற்காதே, பிளாட்பாரத்தில் ஓடாதே, மாத்திரையை மறக்காதே. ஒவ்வொரு ஜங்ஷனிலும் தலை எண்ணுவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஷிஃப்ட் முடியும்போது ஓர் ஆள் குறைந்தால் வயிற்றைப் பிசைகிற கவலையைப் பல வருஷம் சுமந்தவர் அவர். அந்தக் கை எண்ணாமல் இருக்காது.

வண்டி நகர்ந்ததும் உரை தொடரும். வடலூர் வந்தால் எழுந்து நின்று கும்பிடுவார். “வள்ளலார் 1867-ல பத்த வச்ச அடுப்பு. இன்னி வரைக்கும் ஒரு ஷட்டவுன் கிடையாது. எந்த பாய்லரு இப்படி ஓடியிருக்கு, சொல்லு!” அனல்மின் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கடலூர் முதுநகரில் மாறி, தெற்கே போகிற வண்டியில் பரங்கிப்பேட்டை வரும்போது அவருக்குக் குரலே கம்மும். மற்றவர்களுக்கு அந்த ஊர் 1781-ல் ஹைதர் அலி வெள்ளைக்காரனோடு மோதிய இடம். இவருக்கோ 1830-களில் இரும்பாலை நடந்த புண்ணிய பூமி. “சேலத்துல இருந்து தாதுமண்ணு வருது. அதை உருக்கறதுக்குக் காட்டை வெட்டி விறகுக் கரி சுட்டிருக்கான். காடு எத்தனை நாளைக்கு வரும்? முப்பது மைலுக்குள்ள நம்ம பழுப்பு நிலக்கரி கெடந்திருக்கு, எவனுக்கும் தெரியல!” அந்த நிலக்கரியை வெட்டி எடுக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதில், கம்பெனி இழப்பீடு கொடுத்தால்கூட ஆறாத வருத்தம் அவருக்கு.

சிதம்பரத்தில் நடராஜரைக் கும்பிட ஏழு நிமிடம். கோபுரவாசலில் நூற்றெட்டு கரணங்களையும் சரிபார்க்க அதற்கு மூன்று மடங்கு. “நூத்தி ஏழுதான் வருது. யாருய்யா நடுவுல பேசினது?” என்று முதலிலிருந்து எண்ணுவார். மயிலாடுதுறை தாண்டியதும் புளியோதரைப் பொட்டலம் கையெழுத்து வாங்காத குறையாக விநியோகமாகும். கும்பகோணம் டிகிரி காபிக்கு மனு போட்டவர்களுக்கு, “திரும்பி வர்றப்ப பாக்கலாம்” என்று பதில் கிடைக்கும். சுரங்கத்திலும் அவர் இதையேதான் சொல்வார், அதற்கு ‘கிடையாது’ என்று அர்த்தம்.

தாராசுரத்தில்தான் எல்லாம் தலைகீழாகும். பைசாவில் கடைக்கால் தோண்டிய அதே நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய கோயில். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தேர் போன்ற மண்டபம், பக்கத்தில் கல் சக்கரம், இழுக்கிற குதிரை. சக்கரத்தைப் பார்த்ததும் மனிதருக்குக் கடிகாரம் மறந்துவிடும். குனிந்து அச்சைத் தடவுவார். “இதுல பக்கெட்ட மாட்டுனா நம்ம பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்தான்!” என்று தொடங்கி, ஜெர்மன் மெஷின் வந்து இறங்கிய கதை, பெல்ட் அறுந்த கதை, நள்ளிரவு மழையில் தானே இறங்கி நின்ற கதை என்று வரிசையாக வரும். வெளியூர்க் குடும்பம் ஒன்று கைடு என்று நினைத்து வட்டம் கட்டி நின்று கேட்கும். கடைசியில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டமே ஸ்டேஷனுக்கு ஓடும், பாதுகாப்பு உரையின் இரண்டாவது விதியை மீறி.

மூச்சு வாங்க உட்கார்ந்ததும் டைரியை எடுத்து எழுதுவார்: ‘தாராசுரத்தில் தாமதம். காரணம்: உறுப்பினர்கள் டீ குடித்தது.’

இந்த டூர் எதற்கும் அவர் வீட்டம்மா வருவதில்லை. “மூணு ஷிஃப்டுக்கும் எழுந்து சமைச்சுப் போட்டாச்சு. அவரு ஊர் சுத்தற ஞாயித்துக்கிழமைதான் எனக்கு வீக்லி ஆஃப்” என்பார். இருட்டிய பிறகு அவர் வீடு திரும்பி, செருப்பைக் கழற்றுமுன், அந்த அம்மாதான் முதலில் கேட்பார்: “அடுத்து தஞ்சாவூர் என்னைக்கு?”