வேலியும் விடுப்பும்

பிறர் வளவுக்குள்ளும் பிறர் பேச்சுக்குள்ளும் அழைப்பின்றி நுழைதல் எல்லா நாடுகளிலும் உள்ள பழக்கமே எனினும், அதற்கு வழி, நேரம், மரியாதை ஆகியவற்றை ஒழுங்காக வகுத்துக்கொண்ட சமூகங்களுள் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சமூகம் முன்வரிசையில் வைக்கத்தக்கது. இங்கு வீட்டைச் சூழ்ந்த காணியாகிய வளவு, பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலியவற்றின் தடிகளை நட்டு, கிடுகையோ பனையோலையையோ வைத்துக் கட்டிய வேலியால் மறைக்கப்பட்டிருந்தது. கதியால் எனப்படும் அத்தடி வேரூன்றித் தழைக்கும் உயிருள்ள எல்லைக்கல் ஆதலால், எவரும் தொடாமலே பருத்து அயற்காணிக்குள் ஓரிரு விரற்கடை புகுந்துவிடும் இயல்புடையது. மரத்தின் இவ்வியல்பை மனிதர் இரவில் ஊக்குவித்ததும் உண்டு என்பதற்கு, நீதிமன்றம் வரை சென்ற எல்லை வழக்குகள் சான்று.

வேலியின் அடியில் நாயும் கோழியும் நுழைந்து நுழைந்து உண்டாகும் துவாரம் பொட்டு எனப்படும். அதனை அடைப்பது பகையின் அறிவிப்பாகக் கொள்ளப்பட்டமையால், நாய் தொடங்கிவைத்த வழி நாளடைவில் ஆள் நுழையும் அளவுக்கு அகன்று, உப்பும் கறிவேப்பிலையும் கைமாற்றாக வாங்கிய அரிசியும் அதனூடாகவே போய்வந்தன. படலை எனும் வாயில் வழியே வருபவர் விருந்தினர். பொட்டு வழியே வருபவரோ அடுப்பிலிருக்கும் சட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை பெற்றவர்.

அவர் உடன் கொண்டுவருவது விடுப்பு. தமக்குத் தொடர்பில்லாத சங்கதியை அறியும் வேட்கைக்கும், அவ்வாறு அறிந்த சங்கதிக்கும் இதுவே பெயர். விடுப்புக் கேட்பவர் எதையும் நேரே கேட்பதில்லை. “பிள்ளை, ராத்திரி உங்கடை வீட்டிலை கனநேரம் லைற் எரிஞ்சுது, ஆருக்கும் சுகமில்லையோ?” என்று கவலையின் வடிவில் தொடங்கும் விசாரணை, மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் சாதகம், உத்தியோகம் ஆகியவற்றைக் கடந்து, சீதனத் தொகையை அறிந்த பின்னரே தேநீரை ஏற்றுக்கொள்ளும்.

இப்பழக்கத்துக்குச் சட்டமும் ஓரளவு துணைநின்றது. ஒல்லாந்தர் காலத்தில் திசாவை எனும் நிர்வாக அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் உறுதிசெய்த தேசவழமை எனும் வழமைச் சட்டத்தின்படி, காணியை விற்க எண்ணியவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருந்த அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்து, வாங்கும் வாய்ப்பை அவர்களுக்கு வழங்கவேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அயற்காணிக்காரரை அப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. எனினும் அயலவர் இத்திருத்தத்தை அறிந்துகொண்டமைக்கு அவர்களது நடத்தையில் இன்றுவரை அடையாளம் எதுவும் காணப்படவில்லை.

அண்மைக் காலத்தில் வேலிகள் பல சீமெந்துக் கல் மதில்களாக மாறியுள்ளன. மதிலில் பொட்டு விழாது. ஆகவே அழையா நுழைவு ஒழிந்தது என்று கருதுவோரும் உளர். ஆயினும் மதிலுக்குப் பணம் அனுப்பியவர் பெரும்பாலும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ வாழும் உறவினராக இருத்தலின், மதிலோடு சேர்த்துக் கண்காணிப்புக் கமராவையும் பூட்டுவித்து, நேற்று மாலை படலையடியில் நின்றவர் யார், ஏன் அவ்வளவு நேரம் நின்றார் என்று அவர் தொலைபேசியில் வினவத் தொடங்கியுள்ளார். அயலவர் இதனை அறிவதற்குப் பொட்டடியிலாவது குனியவேண்டியிருந்தது.