எட்டாம் எண்ணுக்கு ஒரு பரிகாரம்

பெறுநர்:
சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம்,
புது டெல்லி.
(ரோடுகளுக்கு எண் போடுகிற அதிகாரியின் மேலான பார்வைக்கு)

ஐயா,

2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் புது எண் போட்டீர்கள். அதற்கு இவ்வளவு காலம் கழித்துப் பாராட்டு அனுப்புகிறோம், கோபிக்க வேண்டாம். எந்த ரோட்டுக்கு எந்த எண் என்பது இப்போதுதான் எங்களுக்குப் பிடிபட ஆரம்பித்திருக்கிறது.

கணக்கு என்னவோ ஒழுங்கானதுதான். வடக்கு தெற்காக ஓடும் ரோட்டுக்கு இரட்டைப்படை. மேற்கே போகப் போக எண் ஏறும். கிழக்கு மேற்காக ஓடினால் ஒற்றைப்படை. தெற்கே வர வர ஏறும். ஆக, 1 காஷ்மீரில், தனுஷ்கோடிக்கு 87. பரவாயில்லை, ரேஷன் கடை வரிசையிலேயே பழகியவர்கள் நாங்கள்.

ஆனால் எண் போடும் முன் ஒரு நியூமராலஜிக்காரரைக் கேட்டிருக்கக் கூடாதா? காசியில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடிந்த பழைய 7-இன் பெரும்பகுதியை வேறு பல ரோடுகளோடு சேர்த்து, ஸ்ரீநகரிலிருந்து குமரி வரை 44 ஆக்கினீர்கள். கூட்டிப் பாருங்கள், 8! சனி பகவான்! வண்டி நம்பரில் எட்டு வந்துவிடக் கூடாதென்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கூடுதல் பணம் கட்டி ஃபேன்சி நம்பர் வாங்குகிற ஊர் இது. அந்த வண்டியைக் கொண்டுபோய் சேலத்திலிருந்து மதுரை வரை சனியின் மேலேயே ஓட்டச் சொன்னால் எப்படி?

எங்கள் பழைய 45 நல்ல எண். கூட்டினால் 9. சென்னையில் ஏறினால் திருச்சி வரை ஒரே எண்ணாகப் போய்க்கொண்டிருந்தோம். இப்போது திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அப்புறம் 38. செங்கல்பட்டு தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை போர்டில் இன்னும் ‘என்.எச். 45’தான். ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ‘32’ என்று ஒரு ஸ்டிக்கர், அதுவும் பாதி உரிந்திருக்கிறது. கேட்டதற்கு முதலாளி சொன்னார்: “போர்டு மாத்தினா செலவு சார். அவங்க அடுத்த தடவை மாத்தட்டும், சேர்த்துப் பார்த்துக்கலாம்.” உங்கள் துறையை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை. லாரிக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர்களுக்கு அன்றும் இன்றும் அது ஜி.எஸ்.டி. ரோடு, திருச்சி ரோடு.

பழைய எண்கள் என்ன ஆயின என்றும் தேடிப் பார்த்தோம். 7 இப்போது பஞ்சாபில் கிளம்பி, பத்ரிநாத்தைத் தாண்டி மானாவில் போய் நிற்கிறது. காசிக்குப் பிறகு பத்ரி, முறைதான். 45-க்கு ஜபல்பூர் பக்கம் மாற்றல். பூந்தமல்லி வழியாக பெங்களூர் போய்க்கொண்டிருந்த 4-ஐ மட்டும் அந்தமானுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அது அப்படி என்ன குற்றம் செய்தது? வெள்ளைக்காரன்கூட விசாரணை என்று ஒன்றை நடத்திவிட்டுத்தான் கப்பல் ஏற்றினான்.

இருந்தாலும் இந்த வித்தையில் மாநிலங்கள் உங்களுக்கு அண்ணன். 2016 டிசம்பரில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கடையை நகர்த்துவதா? சரக்கு, ஃப்ரீசர், பார் என்று எவ்வளவு வேலை! ரோட்டை நகர்த்துவது சுலபம், ஒரு அரசாணை போதும். பல மாநிலங்களில் ஊருக்குள் ஓடிய மாநில நெடுஞ்சாலைகள் திடீரென்று உள்ளாட்சி ரோடுகளாயின. ஓரத்து மைல்கல் பச்சைத் தலையோடு அப்படியே நின்றது. ரோடு மட்டும் பதவி இறங்கி நகராட்சிக்குப் போயிற்று. தமிழ்நாட்டிலும் இந்த வேலை தொடங்கியது. 2017 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு, அப்படி மாற்றிய ரோடுகளில் மூன்று மாதத்துக்குக் கடை திறக்கக் கூடாது என்றது. குழி விழுந்த ரோட்டை ஒப்புக்கொள்ளச் சொன்னால் ‘எங்கள் ரோடு இல்லை’ என்று மாறி மாறிக் கைகாட்டும் அலுவலகங்கள், அந்த நாலு மாதம் ரோடுகளைத் தத்தெடுத்த பாசம் இருக்கிறதே!

எங்கள் கோரிக்கை சின்னது. 44-க்குப் பின்னால் ஓர் ‘ஏ’ சேருங்கள். நியூமராலஜியில் ‘ஏ’வுக்கு 1. எட்டோடு சேர்ந்தால் 9. சினிமாக்காரர்கள் பலர் இப்படித்தான் பிழைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
32-இல் குடியிருந்து 45 என்று விலாசம் எழுதும் ஒருவன்.

பி.கு.: ஏப்ரலிலும் செப்டம்பரிலும் டோல்கேட்டில் மாற்றுகிறீர்களே ஓர் எண், அதற்கு மட்டும் சோதிடர் வேண்டாம். அதன் ஜாதகத்தில் இறக்கம் என்பதே கிடையாது.