சோனியாவின் துப்பாக்கிகள்

மூலக்கதைக்கு விசுவாசமான காமிக்ஸ் என்று யாராவது பேச்செடுத்தால், எனக்குச் சோனியாதான் ஞாபகத்துக்கு வருவாள்.

ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதி 1934இல் வெளிவந்த சிறுகதையில் வருபவள். 1529இல் சுல்தான் சுலைமானின் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது மதில்மேல் நின்று வெட்டியவள். தலையில் எஃகுத் தொப்பி, உடம்பில் சங்கிலிக் கவசம், தொளதொளக் கால்சட்டை, இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகள். மாயமந்திரம் மருந்துக்கும் இல்லாத சரித்திரக் கதை.

1973இல் மார்வெல் காமிக்ஸின் ராய் தாமஸ் இதை, ஹோவர்டின் இன்னொரு நாயகனான ஆதிகால வாள்வீரன் கானனின் கதையாக மாற்றினார். மாதாமாதம் வரும் கானன் இதழுக்குத் தீனி வேண்டுமே! வியன்னா போயிற்று. கதையின் குடிகார ஜெர்மன் வீரனும் போனான். அந்த இடத்தில் கானன் வந்து உட்கார்ந்தான். காலம் பல்லாயிரம் ஆண்டு பின்னுக்குப் போனதில் வெடிமருந்து இன்னும் பிறக்கவில்லை, ஆகவே துப்பாக்கிகள் பறிமுதல். அவள் பெயரின் ஆங்கில எழுத்தில்கூட ஒய் போய் ஜே வந்தது. சரி, ஆயுதத்தோடு விட்டார்களே என்று பார்த்தால், மறு ஆண்டே ஸ்பானிய ஓவியர் எஸ்டெபன் மரோட்டோ உடையிலும் கைவைத்தார். மிஞ்சியது சில்லறைக் காசு அளவிலான தகடுகள் கோத்த நீச்சலுடை. அதையும் கவசம் என்றே சொன்னார்கள். எந்த உறுப்பைக் காக்க என்று மட்டும் சொல்லவில்லை.

ஹோவர்டின் சோனியா அந்த ஒரே கதையோடு சரி. தகடு கட்டியவளோ தனி இதழ் கண்டு, 1985இல் சினிமாவுக்கும் போனாள். அங்கேயும் ஹோவர்டின் பெயரை மறக்காமல் போட்டார்கள். மனிதர் 1936லேயே கண்ணை மூடிவிட்டார், நல்லவேளை.