ஓய்வூதியத் தவில்காரர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அறுபது வயதில் அரச சேவையிலிருந்து ஓய்வுபெறும் ஆண்களுள் பெரும்பகுதியினர் தோட்டத்துக்கோ, கோயில் பரிபாலன சபைக்கோ, ரொறன்ரோவிலுள்ள பேரப்பிள்ளைகளுக்கோ தம்மை ஒப்புக்கொடுத்துவிட, எஞ்சியோருள் அரிதாகவும் உரத்த ஓசையோடும் காணப்படுபவர் தவில் பழகத் தொடங்கியவர் ஆவார். தவில் என்பது நாதஸ்வரத்துக்குத் துணையாக முழங்கும், பலாமரத்தைக் குடைந்து செய்யப்பட்ட இருமுகத் தோற்கருவி. அதன் வலந்தலையைக் கூடு அணிந்த வலக்கை விரல்களும், இடந்தலையைக் கழி எனும் குறுந்தடி பிடித்த இடக்கையும் முழக்க, ஒலிபெருக்கி இல்லாமலே அடுத்த குறிச்சிவரை கேட்கும். இவ்வியல்பைத் தாம் அதனைத் தெரிவுசெய்த காரணங்களுள் ஒன்றாக ஓய்வூதியர் கூறுவதில்லை. அயலவரோ இதனைத் தவிர வேறொன்றையும் கூறுவதில்லை.

இவரைத் தொடக்கநிலை மாணாக்கர் என வகுப்பது அவரைப் புண்படுத்துவதோடு முழு உண்மையும் ஆகாது. ஏனெனில், கேள்விஞானத்தில் இவர் எப்போதோ வித்துவான் ஆகிவிட்டவர், அப்பதவியிலிருந்து இன்னும் ஓய்வுபெறாதவர். மேளக்காரக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இணுவில், அளவெட்டி முதலிய ஊர்களின் திருவிழாக்களில், பல நாதஸ்வரங்களும் தவில்களும் ஒன்றுகூடி இரவு நெடுநேரம் வாசிக்கும் 'சமா' எனும் நிகழ்வின்போது, முன்வரிசை மணலில் சால்வையை விரித்து அமர்ந்து, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் தொடையில் தட்டியும் விரல் மடித்தும் வீசியும் கணக்குத் தப்பாமல் காத்தவர் இவர். தொண்ணூறுகளில் மின்சாரம் இன்றிப் பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்காதிருந்த காலத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் கசற் கேட்ட தலைமுறையைச் சேர்ந்த இவருக்கு, சுழற்சி தளர்ந்தபோதெல்லாம் வித்துவானின் காலப்பிரமாணமும், அதாவது தாளத்தின் சீரான வேகமும், சேர்ந்து தளர்ந்தமையால், லயம் என்பது காதோடு நில்லாமல் தோள்மூட்டிலும் பதிந்துள்ளது. 1933இல் இணுவிலில் பிறந்து 1975இல் மறைந்த தவில்மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைப் பற்றி நேரிற் கண்ட சாட்சியாகவே இவர் பேசுவார். மேதை மறைந்தபோது இவருக்குப் பத்து வயதாவது நிரம்பியிருந்ததா, நிரம்பியிருந்தாலும் சமா உச்சத்தை எட்டிய சாமத்தில் இவர் தாயின் மடியில் உறங்காதிருந்தாரா எனும் வினாக்களை எழுப்புவது யாழ்ப்பாணத்துப் பண்பாடு அன்று.

இத்தகைய செவியைச் சுமந்துகொண்டே இவர் குருவை நாடிச் செல்கின்றார். குருவுக்கு இவருடைய மகனின் வயதுதான் இருக்குமாதலால், மாணாக்கர் குருவை 'மாஸ்டர்' என்றும் குரு மாணாக்கரை 'ஐயா' என்றும் விளிக்க, யாரைக் கண்டு யார் எழுந்து நிற்பது என்பதில் வகுப்புத் தொடங்குமுன்னரே சிறு தடுமாற்றம் நேரும். முதற்பாடம் தா, தீ, தொம், நம் எனும் நான்கு சொற்கள். சொல் எனப்படுவது தவிலின் ஓர் அடியைக் குறிக்கும் வாய்மொழி அசை. இவற்றை முதலில் தாளம் போட்டு வாயாற் சொல்லி, பின்னர் மூன்று காலங்களில், அதாவது தாளத்தின் வேகத்தை மாற்றாமல் சொற்களை மட்டும் ஒருமடங்கு, இருமடங்கு, நான்மடங்கு விரைவில், கைக்குக் கொண்டுவரவேண்டும். ஆயினும் இவர் முதல் நாளிலேயே மோராவைப் பற்றி, அதாவது ஒரு சொற்கோவையை மும்முறை வாசித்து முத்தாய்ப்பு வைக்கும் முறையைப் பற்றி, நுட்பமான ஐயங்களைக் கிளப்புவார். "அது கிடக்கட்டும் ஐயா, தொம் இன்னும் தொம்மாக் கேக்கேல்லை" என்பது குருவின் விடை. அடுத்த மாதமும் அதே ஐயம், அதே விடை.

இவருடைய இன்னலுக்குக் காரணம் கையின் மந்தம் என்று கருதுவது பிழை. செவியின் கூர்மையே காரணம். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தான் பிழையாக அடிப்பது தெரியாது; தெரியாதபடியால் அது நிறுத்தாமல் அடித்தடித்துச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். ஓய்வூதியரோ ஒவ்வோர் அடியையும் விழுந்த கணத்திலேயே விமர்சித்து, தெட்சணாமூர்த்தியின் அடியோடு ஒப்பிட்டு, மனம் நொந்து, இரண்டாவது அடியைப் பிற்போடுவார். ஆகவே வகுப்பில் வாசிப்புக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. எஞ்சிய நேரத்தை இசைவரலாறு எடுத்துக்கொள்ளும், அப்பகுதியில் குருவே மாணாக்கர்.

இங்கு நகைப்புக்கு இடமில்லாத ஒரு செய்தியும் உண்டு. இதே மனிதர் சிறுவயதில் தவில் பழக ஆசைப்பட்டிருந்தால் தகப்பனார் ஒருபோதும் இசைந்திருக்கமாட்டார். தவில் இசைவேளாளர் குடும்பங்களின் பரம்பரைத் தொழில், ஏனையோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் என்பதே எழுதாத ஒழுங்கு. மிருதங்கத்துக்கு வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சையும் சான்றிதழும் அரங்கேற்றமும் வாய்த்தன. தவிலுக்கு வாய்த்தவை திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரரின் சால்வையும் விடியவிடிய நின்ற கால்களின் வீக்கமுமே. வாசிப்பை வியந்துகொண்டே வாசித்தவரைச் சமமாக இருத்தத் தயங்கிய ஊரில், அறுபது வயதில் ஒருவர் தம் விரல்களில் கூடு மாட்டிக்கொள்வதிலே தாமதித்து வந்த நீதியின் சாயல் இருக்கிறது. நீதி இன்னும் சற்றுத் தாளத்தோடு வந்திருக்கலாம் என்பர் அயலவர்.

ஸ்கொட்லாந்தின் ஊர்ப் பாக்பைப் குழுக்களிலும் இவருக்கு இனத்தார் உளர். காற்றுப்பையை அணைத்துக்கொண்டு வீதியுலா வரும் கனவோடு சேர்பவருக்கு அங்கு முதலிற் கிடைப்பது, பையோ, நம் ஒத்தினைப் போலச் சுருதியை இடையறாது பிடித்துநிற்கும் மூன்று குழல்களோ இல்லாத பயிற்சிக் குழல் ஒன்றே. முரசு பழக வந்தவருக்கு இறப்பர் பலகை. மாதக்கணக்கில் அவற்றோடு மல்லாடிய பின்னரே உண்மைக் கருவி கைக்கு வரும் என்பதால், ஊர் தூங்குகிறது. நம்மவரோ முதல் ஓய்வூதியத்திலேயே தவிலை வாங்கிவிட்டவர்.

விறாந்தையில் தொடங்கிய சாதகம், அதாவது அன்றாடப் பயிற்சி, மனைவியின் ஆணையால் மாட்டுக்கொட்டிலுக்கும், பால் குறைந்த பின்னர் பசுவின் சார்பில் பிறந்த இரண்டாவது ஆணையால் கிணற்றடிக்கும் இடம்பெயரும். அயல்வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாதங்களில் வேலிக்கு மேலால் ஒரு தலை எழுந்து, எதுவும் சொல்லாமல் தாழும். கூடு என்பது துணிநாடாவைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் கல்லைப்போல் உலரவைத்தது. அதனைத் தொடுதிரைத் தொலைபேசி மனித விரலாக ஏற்பதில்லையாதலால், ரொறன்ரோவிலிருந்து மகன் எடுக்கும் அழைப்பு மூக்கினால் திறக்கப்படும். மகனுக்குத் தெரிவது திருநீறு பூசிய நெற்றி மாத்திரம்.

ஈராண்டு கழிந்தபின் குரு ஒரு முடிவுக்கு வருவார். மேளக்குழுவில் தாளம் எனப்படும் சிறு கைத்தாளத்தை வழக்கமாக ஏந்துபவர் பழகுநிலைச் சிறுவர். அதனை அவர் ஓய்வூதியரின் கையிற் கொடுப்பார். சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை இராகத்தில் வாசிக்கப்படும் மல்லாரி தொடங்கி இறுதிவரை, எந்தத் தவில்காரர் எத்தகைய கணக்கில் ஓடினாலும், இவருடைய தாளம் அசையாது. எனவே, திருவிழாவுக்குத் தாளக்காரர் கிடைக்காது தவிக்கும் உபயகாரர்கள் இவரைத் தயங்காமல் அழைக்கலாம்: பணம் கேட்கமாட்டார், நேரத்துக்கு வருவார், உறங்கமாட்டார். தவில்காரருக்கு நடுவிலே புத்தி சொல்லாதிருப்பார் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.