பொருத்து வீட்டுக்கு ஒரு வாழ்த்து

வடிவமைப்புச் சிந்தனை என்றால் என்ன என்பதை, போருக்குப் பிறகு இலங்கை அரசு தரவந்த உருக்குப் பொருத்து வீட்டுத் திட்டம் சொல்லித்தந்த அளவுக்கு வன்னியில் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. இதை நன்றியோடுதான் எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றில் இருந்தேன். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி உலகெங்கும் பரப்பிய ஐந்து படிகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பாவிக்கப்போகிறவரின் இடத்தில் நின்று உணர்வது, பிரச்சினை எதுவென்று வரையறுப்பது, யோசனைகளைக் குவிப்பது, மாதிரி செய்வது, அதைப் பாவித்துப் பார்த்துத் திருத்துவது. முதற்படியை விளக்கப் பயிற்றுநர் நெடுநேரம் முயன்றார். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழும்பி, "பொருத்து வீடு மாதிரிச் செய்யக்கூடாது எண்டுறியள், என்ன தம்பி?" என்று கேட்டார். மண்டபம் முழுவதற்கும் விளங்கிவிட்டது.

அந்தத் திட்டத்தின் துணிவைக் குறைத்துச் சொல்லக்கூடாது. போர் முடிந்து ஆறேழு வருடமாகியும் தகரக் கொட்டிலில் இருந்த குடும்பங்கள் ஏராளம். வடக்குக் கிழக்குக்கு 65,000 வீடுகள் என்று 2016இல் அரசு பேசியபோது, அவ்வளவு பெரிய எண்ணை யாரும் அதற்கு முதல் எங்களுக்குச் சொன்னதில்லை. கட்டித்தரத் தெரிவான ஆர்சிலர் மிட்டல் உலகத்தின் மிகப் பெரிய உருக்கு நிறுவனங்களில் ஒன்று. வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா ஒதுக்கத் தயாராக இருந்தார்கள். அந்தக் காசில் இரண்டு கல்வீடு எழுப்பலாம் என்று ஊர் மேசன்மார் கணக்குச் சொன்னார்கள். ஏழைக்கு இவ்வளவு செலவழிக்க முன்வந்த திட்டத்தை நான் கஞ்சத்தனம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

வேகத்திலும் அதற்கு நிகரில்லை. அத்திவாரம் வெட்டி, கல்லரிந்து, காயவைத்து, சுவர் எழுப்பி, வளை ஏற்றி என்று மாதக்கணக்கில் இழுபடும் வேலை எதுவும் இல்லை. உருக்குத் தகடுகளைக் கொண்டுவந்து பொருத்தினால் சரி. மேசனும் தச்சனும் கல்லரிகிற பெடியனும் வீட்டில் இருக்கலாம். அவர்களுக்கும் பிள்ளைகுட்டி உண்டு என்பது வேறு கணக்கு.

எல்லாவற்றையும்விட நான் புகழ்வது அதன் நேர்மையை. நான்காம் படியில் அது குறைவைக்கவில்லை. மாதிரி வீடுகளைப் போட்டு, வந்து பாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். சனம் போய்ப் பார்த்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் போய்ப் பார்த்தார்கள். அத்திவாரம், கூரைத் தாங்கு, காற்றோட்டம் என்று குறைகள் எழுதப்பட்டன. விறகடுப்புக்கு இடமில்லை, புகைக்கூடு இல்லை. பங்குனி, சித்திரை வெயிலுக்குள் உருக்குச் சுவர் என்ன செய்யும் என்று கேட்டார்கள். மகளுக்குக் கலியாணம் ஆகும்போது பக்கத்தில் ஓர் அறை இழுக்க முடியுமா என்று கேட்டார்கள். ஒரு மாதிரியிடம் இதைவிட வேறென்ன எதிர்பார்ப்பது? எந்த இடத்தில் பிழை என்று அந்த வீடு ஒளிக்காமல் காட்டியது. கேட்டுத் திருத்தவேண்டியவர்கள் கையில்தான் ஐந்தாம் படி இருந்தது. அவர்களும் உறுதியானவர்கள். சனம் இவ்வளவு சொன்ன பிறகும் அதே வீட்டையே திரும்பத் திரும்பத் தரப் பார்த்தார்கள். எதிர்ப்பு வலுத்துத்தான் அந்தப் பெரிய எண் சுருங்கியது.

வீடு கேட்டு வரிசையில் நின்ற சனத்தின் கைவேலையையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டபோது இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ஊசி போடும் சிரிஞ்சால் துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் பிடிக்கும், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் போதும். எரிய எண்ணெய் இல்லாத இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து, ஒரு மூடி எண்ணெயில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 2009இல் மண்மூட்டைக்குச் சாக்கு இல்லை. கூறைச் சேலையைக் கிழித்துப் பையாகத் தைத்து, மணல் நிரப்பி, பதுங்குகுழிக்கு மேல் அடுக்கினார்கள். கைப்பிடி அரிசியில் பெரிய கிடாரம் கஞ்சி காய்ச்சினார்கள். இத்தனையையும் செய்தவர்களிடம் வீட்டின் குசினி எந்தப் பக்கம் வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. இந்திய வீட்டுத்திட்டத்தின் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர்தான் கட்டினார்கள். 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில், குடும்பத்தின் கையில் தவணை தவணையாக 5,50,000 ரூபா கொடுத்து, நீயே கட்டு என்றார்கள். காசு காணவில்லை. பலர் தோட்டை அடகுவைத்தார்கள், கடன் இன்னும் தீராத வீடுகளும் உண்டு. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அந்த வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள்.

தருமபுரத்தில் என் சின்னம்மாவின் வீடு அப்படிக் கட்டியதுதான். முளை அடித்துக் கயிறு கட்டியாயிற்று, அடுத்தநாள் அத்திவாரம் வெட்டவேண்டும். பின்னேரம் சின்னம்மா வளவுக்குள் இறங்கி நின்று, கிணற்றையும் ஆட்டுக்கொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கத்து முளைகள் இரண்டையும் பிடுங்கி, இரண்டடி தள்ளி அடித்தார். வேம்பின் நிழல் நாலு மணிக்கு விழுவது அங்கேதான். அடுப்படியில் நின்றபடியே கிணற்றடியில் நிற்கிற பேரப்பிள்ளையையும் பார்க்கலாம். விடிய வந்த மேசன் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்து, அந்த முளைகளில் மாற்றிக் கட்டினார்.