நாலு பிளக், நாற்பது காது

பேராக்கின் சுங்காயில் ஒரு காடி புதுசாகச் சத்தம் போட ஆரம்பித்தால், அது காடிக்காரனுடைய சொந்த விஷயமாக இருக்காது. ஒட்டுக்கடை ஓரமாக நிறுத்துவதற்குள் நாலு பேர் கோப்பிக் குவளையோடு எழுந்து வந்துவிடுவார்கள். பொனெட்டைத் தூக்கச் சொல்வார்கள். "ஆஃப் பண்ணாத, ஓடட்டும்" என்பார்கள். பெட்ரோல் நம்முடையது, காது அவர்களுடையது.

என்னுடையது புரோட்டோன் சாகா ஈஸ்வரா. 1985ல் வந்த முதல் சாகாவுக்குப் பின் 1992ல் வந்த மாடல். உள்ளே மிட்சுபிஷியின் 1300 சிசி எஞ்சின். நாலு சிலிண்டர், நாலு பிளக், நாலு ஒயர். கார்புரேட்டர் காலத்து ஆசாமி. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த என் மச்சான், பிளக் மாற்றப் போர்மேனிடம் போகிறேன் என்று நான் சொன்னதும் பதறிவிட்டான். "இதுக்குப் போயி கூலி குடுப்பீங்களா மாமா?" கைப்பேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டு, முறுக்குத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்து முனையின் நிறத்தைக்கூடப் பார்த்தான். பால் கலந்த கோப்பி நிறம் என்றால் எஞ்சின் சுகம். கரிக்கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் பிசுபிசுத்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். எங்களுடையது நல்ல கோப்பி நிறம். அதோடு விட்டிருக்கலாம்.

புதுப் பிளக்கோடு ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். எண்ணெயை அமுக்கினால் அதுவும் கூடவே ஓடியது. மச்சான் முகத்தில் கலக்கமே இல்லை. "இது பழைய சத்தம்தான் மாமா. எஞ்சின் இப்ப ஸ்மூத்தா ஓடுதுல்ல, அதான் வெளிய கேக்குது" என்றான். மறுநாள் ரயிலேறிப் போய்விட்டான்.

ஒட்டுக்கடைக்குப் போனேன். முதலில் எழுந்து வந்தவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய மாமா. கேட்ட மாத்திரத்தில் "டேப்பட்" என்றார். அவருடைய டிராக்டருக்கு ஆயுசு முழுக்க வந்த நோய் அது ஒன்றுதான் போலும். அடுத்தவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் உருளை மிஷினைப் பார்த்துக்கொண்டவர். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக நசுக்குமே, அந்த மிஷின். அவர் காதில் விழுந்தது "பேரிங்". ரயில்வே பென்ஷன்காரரோ கேட்கவே மறுத்தார். வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஒலியை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்த பரம்பரை அது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எஞ்சினைத் தட்டக் குனிந்தவரை இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. யார் எந்த மிஷினோடு வாழ்ந்தாரோ, என் ஈஸ்வராவுக்குள் அந்த மிஷின்தான் ஓடியது.

வீட்டில் சின்னப் பாட்டியின் அளவுகோல் இன்னும் கடுமையானது. 1942 ஜனவரி 7, விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் பழைய சாலை வழியாகத் துரோலாக்கில் புகுந்து, சிலிம் ரிவர் வரை பிரிட்டிஷ் படையைச் சிதறடித்தபோது பாட்டி சின்னப் பிள்ளை. லயத்தில் படுத்தபடி கேட்டவர். என் காடியையும் கேட்டார். "அந்தச் சத்தம் இல்லியே? அப்ப ஓட்டு" என்று தீர்ப்பு வந்துவிட்டது.

இந்தக் காதுகளை நான் கேலி செய்வதில்லை. கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டது 1877ல். டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தது 1888ல். உலகம் காடி ஓட்ட ஆரம்பித்ததும் பேராக்கில் காடு அழிந்து பால்மரமாயிற்று, எங்கள் தாத்தாக்கள் கப்பலேறினார்கள். யார் யாருடைய டயருக்கோ தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய பிறகுதான் எங்கள் வீட்டு வாசலில் ஒரு காடி வந்து நின்றது, அதுவும் இன்னொருவர் ஓட்டி அலுத்த காடி. பால்மரமும் போய்ச் செம்பனை வந்தாயிற்று. கேட்கக் கிடைத்த சத்தத்தை யார் விடுவார்?

டேப்பட் மாமாவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் தளர்ந்த டேப்பட் 400 தடவை தட்டும். பிளக் சரியாக உட்காராமல் காற்று கசிந்தாலும் அதே 400. ஒயரில் வெடிப்பு விழுந்து மின்பொறி பக்கத்து இரும்புக்குத் தாவினாலும் 400தான். குற்றவாளிகள் மூன்று பேர், நடை ஒன்று. பாரிஸ் மருத்துவர் லேன்னெக் 1816ல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். நாங்கள் ஒரு துண்டு ரப்பர் குழாயைக் காதில் வைத்து எஞ்சின் மேல் நகர்த்தினோம். சத்தம் வருவது தலைப்பக்கம் என்பது வரை ஒற்றுமை இருந்தது. பிறகு கட்சி பிரிந்தது. இருட்டில் ஓடவிட்டால் கசியும் ஒயரில் நீலப் பொறி தெரியும் என்று உருளை மிஷின்காரர் சொல்ல, இருட்டும் வரை உட்கார்ந்தோம். பொறி இல்லை. கொசு இருந்தது.

மறுநாள் காலையில் கடைக்கார அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. ரொட்டி சானாய் வாங்க வருகிறவர்களுக்கு என் காடி வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

"டிக் டிக்கை விடுங்க. பின்னாலயே புஸ்ஸுனு ஒன்னு வருதே, அது ஒருத்தருக்கும் கேக்கலியா? கேஸ் லீக்கு."

அக்காவின் மிஷின் கேஸ் அடுப்பு. ஒவ்வொரு தடவை தோம்பு மாற்றும்போதும் வாய்ப்பக்கம் சவர்க்காரத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பவர். உடனே குவளையில் நுரையைக் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். டிராக்டர் மாமாதான் குறுக்கே விழுந்தார்: எஞ்சின் ஆறட்டும், சுடுகிற பீங்கானில் தண்ணீர் பட்டால் பிளக் வெடித்துவிடும். அதில் அவர் சொன்னது நியாயம். ஆறும்வரை ஆளுக்கொரு தே, என் கணக்கில்.

பிறகு ஸ்டார்ட் செய்தோம். கல்லில் எண்ணெய் தடவும் நீளத் தூரிகையால் அக்கா ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் நுரையைத் தொட்டு வைத்தார். முதல் இரண்டிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் குமிழி பொங்கியது.

புதுப் பிளக்கைக் கையால் முடிந்தவரை திருகிவிட்டு, அதற்குமேல் ஸ்பேனரால் அரைச் சுற்று முறுக்க வேண்டும். அப்போதுதான் அடியிலுள்ள வளையம் நசுங்கி வாயை அடைக்கும். வெறி வந்தவன்போல் முறுக்கினால் அலுமினியத் தலையில் மரை போய்விடும், அது வேறு செலவு. மூன்றாவது பிளக் கைத்திருகலோடு நின்றிருந்தது. மச்சானுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த நேரத்துலதான் எங்க அக்கா தோசைக்குக் கூப்பிட்டாங்க" என்றான். இந்தத் தகவலை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை.

எஞ்சினை நிறுத்தி, அரைச் சுற்று முறுக்கி, மறுபடி சாவியைத் திருப்பினேன். டிக்கும் இல்லை, புஸ்ஸும் இல்லை. கூட்டத்தில் ஒரு முகமும் மலரவில்லை. தட்டவிட்டிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும் என்று ரயில்வேக்காரர் முணுமுணுத்துக்கொண்டு போனார். டிராக்டர் மாமா மட்டும் பொனெட்டை மூடவிடாமல் குனிந்தே நின்றார்.

"அந்தச் சத்தம் போனதும் நல்லதாப் போச்சி தம்பி. இப்பதான் டேப்பட் தெளிவாக் கேக்குது."