சுவரில் ஒரு காவல்காரி

கேள்வி: சமையலறைச் சுவரில் உள்ளங்கை அளவில் ஒரு சிலந்தி. வலையே கட்டுவதில்லை. அடிக்க விடாமல் மகன் காவல் நிற்கிறான். அதற்கு என்ன தீனி போடுவது?
- வாசகி, வில்கமுவ

பதில்: ஒன்றும் வேண்டாம். அது வேட்டைச் சிலந்தி; கரப்பொத்தானை ஓடிப் பிடித்துக்கொள்ளும். உடலுக்கடியில் தட்டையான வெளிர் வட்டு தெரிந்தால் அது தாய், முட்டைப்பையைச் சுமக்கிறாள். மகனைக் கால்களை எண்ணச் சொல்லுங்கள். பூச்சிக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. ‘எட்டுக்கால் பூச்சி’ என்று நாம் வைத்த பெயர் தவறென்று அவனே சொல்வான்! உன்னிப்பாகப் பார்ப்பவருக்குப் புதியதும் அகப்படலாம்: வடக்கே மாங்குளத்துப் பெருஞ்சிலந்தி ஒன்று 2012இல்தான் புதிய இனமென அறிவிக்கப்பட்டது. ஆய்வாளருக்குக் காட்டில் வழிகாட்டிய பொலிஸ் அதிகாரியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். தான் பார்ப்பதை எழுதிவைக்க உங்கள் மகனும் ஒரு குறிப்பேடு தொடங்கட்டும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள், அம்மா. நஞ்சுண்ட கரப்பொத்தான் சிலந்தியையும் கொன்றுவிடும்.